நேராக்கிய ஸ்பேனர்

வருகிறோம் என்றால் வந்துவிட வேண்டும். காலையிலேயே வந்துவிடுகிறோம் என்று போனில் சொன்ன பாவாயி அம்மாள், வெயில் வாசற்படியைத் தாண்டி ஹாலுக்குள் நுழைந்த பிறகும் வரவில்லை. நான் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்க்கும் தகப்பன் மாதிரி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூடப் பொய். எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், தெருவில் ஆட்டோ இல்லை, திரும்பி வந்து பெட்டி மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன், மூடியில் என் விரல் ரேகை விழுந்துவிட்டது, துண்டு நுனியால் துடைக்கிறேன். தேக்குப் பெட்டி. வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ மோட்டார் கம்பெனி தன் மெக்கானிக்குகளுக்கென்று செய்வித்தது, மூலைக்கு மூலை பித்தளைத் தகடு, உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இழுக்கிற தட்டுகள். இப்படி இன்னொன்றை நாமக்கல் ஜில்லாவில் யார் வீட்டிலாவது காட்டுங்கள் பார்க்கலாம். காதர் பாயின் பழைய இரும்புக் கடையில் இது கிடந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடியில் பச்சைப் பெயின்ட், அதன் மேல் நீலம், அதற்கும் மேல் லாரி பாடிக்கு அடிக்கிற ஆரஞ்சு, கிரீஸ், மண், மூடியின் உட்புறம் கறுத்துப்போன முருகன் காலண்டர் படம். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். மழைக்காலம் முழுக்க எனக்கு அதுதான் வேலை. தமயந்தி காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள், அது ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். “என்னையக் கட்டிக்கிட்டு வந்த புதுசுல இப்பிடி ஒரு நாளாச்சும் என் மூஞ்சியப் பாத்திருப்பீங்களா” என்பாள். பார்த்திருப்பேன். ஞாபகமில்லை. இந்த ஞாபகமில்லை என்கிற வார்த்தையை இப்போதெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்று காலை எதிர்வீட்டுக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டே “என்ன சார், இஸ்திரியெல்லாம் பலமா இருக்கு” என்று கேட்டபோது சிரித்துச் சமாளித்தேனே தவிர, அவர் பெயர் எனக்கு வரவில்லை. தினம் பார்க்கிற மனிதர். மகள் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று சாம்பார் ஊற்றியவர். பெயர் வரவில்லை. இன்னும் வரவில்லை.

அந்த அம்மாளைக் குறை சொல்லியும் பயனில்லை. ஒரு பக்கம் விழுந்துபோன புருஷனைக் கிளப்பி, சட்டை போட்டு, ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வர வேண்டும். அர்த்தநாரி மேஸ்திரி என்றால் பரமத்தி ரோட்டில் லாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் அந்தப் பெயர் தெரியும், ஆளைத்தான் பார்த்ததில்லை. பக்கவாதம் வந்து அவருடைய லாரிப் பட்டறையை மூடினார்கள். திருப்பூரிலிருக்கும் மகன் வந்து இருந்ததையெல்லாம் அள்ளிப் பழைய இரும்புக்குப் போட்டான். பெட்டி காதர் பாயிடம் வந்தது, காதர் பாய் வழக்கம்போல முதலில் எனக்குத்தான் போன் போட்டார். அது முடிந்த கதை என்றிருந்தேன். முந்தாநாள் பாவாயி அம்மாளின் போன். “ஏனுங்க, சர்வேயர் குழந்தைவேலுங்களா? காதர் பாய் நம்பர் குடுத்தாருங்க. அந்த டூல்ஸ் பொட்டிய நீங்கதான் வெச்சிருக்கீங்கன்னாரு. திருப்பிக் குடுங்கன்னு கேக்கலீங்க. எங்க வூட்டுக்காரருக்கு ஒரு வாட்டி கண்ணுல காட்டணுமுங்க.” எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டதிலிருந்துதான் எனக்கு இந்த இருப்புக் கொள்ளாமை. மகன் சொல்கிறானாம், அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது, மருமகளைத் தன் தங்கச்சி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், இந்த ஆளை வைத்துக்கொண்டு நீ தனியாகப் படாத பாடு படாதே, ஈரோட்டுப் பக்கம் ஒரு ஹோம் இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம், நீ எங்களோடு வந்துவிடு என்று. “நான் அவங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிப் போட்டனுங்க. உங்கொப்பன் பொண்டாட்டி புள்ளைய மறந்தாலும் அந்தப் பொட்டிய மறக்க மாட்டாரு. பொட்டியக் காட்டறேன். தெரிஞ்சுக்கிட்டாருன்னா அவர நான் எங்கியும் வுட மாட்டேன். தெரியலீனா உன்ற இஷ்டம். இப்பிடிச் சொல்லிப் போட்டனுங்க.” போனில் அந்த அம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஏதாவது ஆறுதல் சொல்லி வைத்திருப்பேன்.

அப்போது எனக்குள் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். வாங்க, வாங்க, தாராளமாக வாங்க என்றேன். யாரும் பார்க்க வருவதில்லை இந்த வீட்டுக்கு. மாடி அறை முழுக்க, சுவர் முழுக்க, ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். நான்கு எழுத்து பொறித்த ஒரு பழைய ஸ்பேனரைக் கையில் கொடுங்கள், எழுத்து மேலெழும்பி இருக்கிறதா உள்ளே குழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தே அது யுத்தத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்கிறேன். பழைய இங்கிலீஷ் ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் அதன் வாயின் அளவு அல்ல, அது பிடிக்கிற போல்ட்டின் அளவு. இது தெரியாமல் ஊரில் பாதிப் பேர் ஸ்பேனரைத் தப்புத் தப்பாக வாங்கி வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் சொன்னால் கேட்க ஆள் இல்லை. தமயந்தி கேட்பாள், கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை உருவுவாள். துரு எடுக்க நான் புளித்தண்ணீரில் ஊறப் போடுவேன், மறுநாள் ரசத்துக்குப் புளி இருக்காது, அதற்குத் திட்டுவாள். ஒரு மெக்கானிக், நிஜ மெக்கானிக், தன் பெட்டியைப் பார்க்க வருகிறார், பார்த்தால் அசந்துவிடுவார், தன் கையிலிருந்தது இவ்வளவு அழகா என்று வாயைப் பிளப்பார், இதுதான் முந்தாநாள் ராத்திரி என் தலையணைக்குள் ஓடிக்கொண்டிருந்த படம். அதில் அவர் கை குலுக்குவதுகூட வந்தது. வலது கை விழுந்துவிட்டது என்று அந்த அம்மாள் சொன்னதை மறந்து, வலது கையாலேயே குலுக்கினார்.

ஆட்டோ சத்தம். இல்லை, அது பால் வண்டி. திரும்ப மூடியைத் திறக்கிறேன். வார்னிஷ் வாசனை. நல்ல வாசனைதான், புதுக் கல்யாண வீட்டுக் கட்டில் மாதிரி. பாவாயி அம்மாள் போனை வைக்கும் முன் என்ன சொன்னாள். “மூடியத் தெறந்தா ஒரு வாசன வருமுங்க, கிரீஸும் பீடியும் கலந்தாப்புல, அதுக்கே அவரு கண்ணு தெறந்துருமுங்க.” அந்த வாசனை எங்கே. மண்ணெண்ணெய் ஊற்றி, சோப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டு நானே விரட்டினேன். போகட்டும், வாசனைதானே, கண் இருக்கிறதே, கண்ணால் பார்ப்பார். கண்ணால் எதைப் பார்ப்பார். ஆரஞ்சுப் பெயின்ட் இல்லை, முருகன் இல்லை. மூடியைத் தினம் திறந்தவுடன் முருகன் முகத்தில்தானே விழித்திருப்பார். அந்தக் காகிதத்தை நான் ஈரத்துணி போட்டு ஊறவைத்துச் சுரண்டினேன், வேல் மட்டும் கடைசி வரை ஒட்டிக்கொண்டு வரவில்லை, பிளேடு போட்டு எடுத்தேன். சரி, பெட்டியின் வெளித்தோற்றம்தானே மாறியிருக்கிறது, உள்ளே சாமான்கள் அவருடையவைதானே. தட்டை இழுக்கிறேன். ஸ்பேனர்கள் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாகப் படுத்திருக்கின்றன, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி. இப்படியா இருந்தன? காதர் கடையில் திறந்தபோது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று கலந்து கிடந்தன, ஒரே குப்பை என்றுதான் நினைத்தேன். குப்பையா அது. பெரிய ஸ்பேனருக்குப் பக்கத்தில் சின்னத் திருப்புளி, அதற்குப் பக்கத்தில் கம்பி, அதற்கடியில் ஒரு துணிச்சுருள். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டி எடுக்கிறவனுக்கு எது எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமோ அது அதற்குப் பக்கத்தில் இருந்திருக்கும். எனக்கு இது ஏன் அப்போது தோன்றவில்லை. தோன்றாது. நான் எப்போதும் வண்டிக்கு வெளியே நின்று எழுதுகிறவன்.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் என்றால் அதுதான் வேலை. அடிபட்ட வண்டியைச் சுற்றி வந்து, எது கோணல், எது நசுங்கல், எது உடைசல் என்று சொல்ல வேண்டும், பழைய நிலைக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். பழைய நிலை. இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே ஒரு ஆயுள் போய்விட்டது. எல்லாப் பொருளுக்கும் ஒரு பழைய நிலை உண்டு, அது கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளின் நிலை, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் டேமேஜ். தமயந்தி ஒரு தரம் கேட்டாள், “அப்ப நானும் டேமேஜுங்களா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்தேன். இப்போது அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். “ஏனுங்க, எத்தன வாட்டிதான் அதையத் தெறந்து மூடுவீங்க? கீல் போயிரும்.” கீல் போகாது, புதுக் கீல் என்கிறேன். புதுக் கீல். பழைய கீல் கிறீச்சிடும். அந்தச் சத்தமும் அவருக்குத் தெரிந்த சத்தமாயிருக்கும். அதையும் கழற்றிப் போட்டேன். இரண்டாவது தட்டில் திருப்புளி. மரப்பிடி, வழுவழுவென்று, ஆளியெண்ணெய் போட்டுத் தேய்த்தது. இந்தப் பிடியில் என்ன இருந்தது, ஏதோ சுற்றியிருந்தது, சைக்கிள் ட்யூப், ஆமாம், சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருந்தார், எண்ணெய்க் கை வழுக்காமலிருக்க. அசிங்கம் என்று அறுத்து எறிந்தேன். அடியில் கம்பெனிக்காரனின் முத்திரை இருந்தது, அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு குஷி.

அடுத்தது அந்த ஸ்பேனர். அதைத் தொட வேண்டாம் என்று கை தயங்குகிறது, தயங்கியதும் ஏன் தயங்குகிறது என்று மனசு கேட்கிறது. நடுவாந்தரமான ரிங் ஸ்பேனர், நல்ல ஜாதி, யுத்தத்துக்கு முந்தியது, மேலெழுந்த எழுத்து. வரும்போது இது வளைந்திருந்தது. கழுத்தில் ஒரு வளைவு, அதற்கப்புறம் லேசாக ஒரு திருகல், பார்க்கவே பாவமாக இருந்தது, யாரோ மடையன் இதை நெம்புகோலாகப் போட்டு வளைத்துவிட்டான் என்று நினைத்தேன். கேஸ் டார்ச்சில் பழுக்கக் காய்ச்சி, வீட்டுப் பின்பக்கம் மேஜையோடு முடுக்கியிருக்கும் வைஸில் கவ்வவைத்து, அடி அடியென்று அடித்து நேராக்கினேன். தராசு முள் மாதிரி நேராக்கினேன். நெம்பி வளைந்தது என்றால். என்றால் என்ன என்றால். நெம்பி வளைந்த இரும்பு எப்படி இருக்கும் என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு தரம் ராசிபுரத்துக்காரன் ஒருவன் பம்பரைத் தானே சுத்தியலால் தட்டி நசுக்கிவிட்டு லாரி மோதிவிட்டது என்று வந்தான். பார்த்தவுடன் சொன்னேன், மோதினால் பெயின்ட் வெடித்துச் சிதறும், இது நிதானமாகத் தட்டி நசுக்கியது, போய்யா என்று. விபத்தில் வந்த கோணலுக்கும் கையால் செய்த கோணலுக்கும் வித்தியாசம் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அந்த ஸ்பேனரில் வெடிப்பு இல்லை. வளைவுக்கு இருபுறமும் வைஸின் பல் சமமாகப் பதிந்திருந்தது, அந்தத் தழும்பை அரம் போட்டு எடுத்ததே நான்தான். நான் டார்ச் காட்டும் முன்பே அந்த இடத்தில் இரும்பு நீலம் பாரித்திருந்தது, தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற மாதிரி ஒரு நீலம். ஏற்கெனவே சூடு கண்ட இரும்பு. பார்த்தேன். கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு அடித்தேன்.

அவர் வளைத்தது. வேண்டுமென்றே வளைத்தது. சில லாரியில், இன்ஜினைக் கிளப்புகிற செல்ப் மோட்டாரின் மேல் போல்ட் இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒளிந்துகொண்டிருக்கும், நேரான எந்த ஸ்பேனரும் அங்கே போகாது, மெக்கானிக்குகள் தங்களுக்கென்று ஒன்றை வளைத்து வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும், பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியிலேயே அவருடையது என்று சொல்ல ஒன்று இருந்ததென்றால் அதுதான். மற்றதெல்லாம் கம்பெனிக்காரனுடையது. நான் கம்பெனிக்காரனுடையதையெல்லாம் காப்பாற்றி, அர்த்தநாரி மேஸ்திரியுடையதையெல்லாம் அழித்திருக்கிறேன். இப்போதே டார்ச்சைப் பற்றவைத்து வளைத்துவிட்டால் என்ன. எவ்வளவு வளைப்பது. போட்டோ. சர்வேயர் போட்டோ எடுக்காமல் எதையாவது தொடுவானா. போனை எடுக்கிறேன், தள்ளுகிறேன், பெட்டி, பித்தளை மூலை, இதோ ஸ்பேனர். முத்திரை. கிட்டத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகத் தெரிகிற மாதிரி, முத்திரையை மட்டும் எடுத்திருக்கிறேன். இன்னொன்று, அதுவும் முத்திரை. வளைவு ஒன்றில்கூட இல்லை. சரி, இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எனக்கு உடம்பு சரியில்லை, வெளியூர் போகிறேன், பெட்டியைச் சம்பந்தி கேட்டு வாங்கிப் போய்விட்டார். அந்த அம்மாளின் நம்பரைத் தேடுகிறேன். பாவாயி என்று பதியவில்லை, என்ன பெயரில் பதிந்தேன், பெட்டி என்று பதிந்திருக்கிறேன், மனுஷி பெயரைப் போடத் தோன்றவில்லை எனக்கு. கூப்பிடுகிறேன். மணி அடிக்கிறது. அந்த மணி போனுக்குள்ளும் கேட்கிறது, வாசலிலும் கேட்கிறது. வந்துவிட்டார்கள்.

ஆட்டோவிலிருந்து அவரை இறக்க எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கை கொடுக்கிறார், பெயர் வராத அந்த மனிதர். நெடிய ஆள், அர்த்தநாரி மேஸ்திரி. ஒரு பக்கம் சாய்ந்து, வலது கையைப் பாவாயி அம்மாள் தோளில் போட்டு, துவைத்த வெள்ளைச் சட்டையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்ட பிள்ளை மாதிரி வருகிறார். அந்த அம்மாள் நான் நினைத்ததைவிடச் சிறிய உருவம், அவரைத் தாங்குவதே பெரிய விஷயம். “லேட்டாயிருச்சுங்க, சட்ட போடறதுக்குள்ள ஒரு ரகள” என்கிறாள். பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறோம். தமயந்தி தண்ணீர் கொடுக்கிறாள். அவர் குடிக்கவில்லை. பாவாயி அம்மாள் அவர் காதருகே குனிந்து, “பாருங்க, யாரு வந்திருக்கறதுன்னு பாருங்க” என்கிறாள், பெட்டி ஏதோ ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் என்பதுபோல. நான் மூடியைத் திறக்கிறேன். கீல் சத்தம் போடவில்லை. அவர் மூடியின் உட்புறத்தைப் பார்க்கிறார், வெறும் தேக்கு. மூக்கு லேசாக அசைகிறது. இடது கையை உள்ளே விடுகிறார். பார்க்கவில்லை, கண் வேறெங்கோ இருக்கிறது, கை மட்டும் போகிறது. போன இடத்தில் அது தேடியது இல்லை, நின்று, பக்கத்தில் தடவி, திருப்புளியை எடுத்துப் பிடியை உருட்டிப் பார்த்துக் கீழே வைக்கிறது. ஸ்பேனர் வரிசைக்குப் போகிறது. ஒவ்வொன்றின் கழுத்தையும் கட்டைவிரலால் தடவுகிறது. நான் நேராக்கியதையும் தடவுகிறது, தாண்டிப் போகிறது, முடிவு வரை போகிறது, திரும்ப முதலிலிருந்து வருகிறது. கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார், துடைக்க அங்கே கிரீஸ் எதுவும் இல்லை. “இல்ல” என்றார். நாக்கு புரண்டுதான் வந்தது, ஆனாலும் தெளிவு. “நம்முளுது இல்ல பாவாயி. போலாம்.”

இந்த இடத்தில் எனக்குள் முதலில் என்ன வந்தது என்பதைச் சொல்கிறேன். நிம்மதி. தப்பித்தேன் என்கிற நிம்மதி. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை, பெட்டி இங்கேயே இருக்கும். அப்புறம்தான் பாவாயி அம்மாளைப் பார்த்தேன். அவள் அழவில்லை. அவர் சட்டைப் பட்டன் ஒன்று கழன்றிருந்தது, அதைப் போட்டுவிட்டாள். பிறகு இன்னொன்று, அது கழன்றிருக்கவில்லை, அதையும் கழற்றி மறுபடி மாட்டினாள். “செரீங்க. உங்களுக்குத்தான் செரமம் குடுத்துட்டோம். பையன் சொன்னது செரியாத்தான் இருக்குதுங்க” என்றாள். அவர் அந்த ஹோமில் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது, எதிரே நான் இன்னொரு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், எதிர்வீட்டுக்காரர் பெயரைத் தேடிக்கொண்டு. என் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தமயந்தி எந்தப் பெட்டியைக் கொண்டுவருவாள், அதை அதற்குள் எவன் சுத்தம் செய்திருப்பான். “அவருக்கு ஒண்ணுமில்லீங்கம்மா” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “அவரு சொல்றது செரி. பொட்டியத்தான் நான் மாத்திப் போட்டேன். வாசம், பெயின்ட், சாமி படம், எல்லாத்தையும் எடுத்துட்டேன்.” அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், அன்பாகத்தான் பார்த்தாள். “நல்ல மனசுங்க உங்களுக்கு. ஆறுதலுக்குச் சொல்றீங்க. புள்ளைய அம்மணமா நிறுத்தினாலும் பெத்தவனுக்குத் தெரியாதுங்களா?” அவள் நம்பவில்லை. வாழ்நாள் முழுக்க நான் எழுதிக் கொடுத்ததையெல்லாம் கம்பெனி நம்பியது, இதை அவள் நம்பவில்லை.

நான் கீழே, அவர் காலடியில் உட்கார்ந்தேன். இஸ்திரி சட்டை, மண்ணாங்கட்டி. “மேஸ்திரி” என்றேன். “உங்க பொட்டி எப்பிடி இருக்கும்?” அவர் என்னைப் பார்த்தார், இவன் யார் என்பதுபோல. பாவாயி அம்மாள், வேண்டாமுங்க, அவரைச் சிரமப்படுத்தாதீங்க என்றாள். அவர் இடது கையைத் தூக்கினார். முழங்கையை ஒட்டி வைத்து, மணிக்கட்டைக் கீழே மடித்து, பிறகு சற்றே வெளியே திருப்பினார். “வளஞ்சது” என்றார். “வளஞ்சது இல்ல. அது இல்லாம என்ன பொட்டி.” என்னங்க வளஞ்சது, என்ன சொல்றாரு இவரு என்று பாவாயி அம்மாள் பயந்துபோய்க் கேட்டாள், பிதற்றுகிறார் என்று நினைத்துவிட்டாள். இந்த உலகத்தில் அது பிதற்றல் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். எழுந்தேன். அந்த ஸ்பேனரை எடுத்து அவள் கையில் வைத்தேன். “இது வளஞ்சிருந்ததுங்கம்மா. அவரு வளச்சு வெச்சிருந்தாரு. நாந்தான் கோணல்னு நெனச்சு அடிச்சு நேராக்கினேன். இந்த விசயம் எனக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. புத்தி கலங்கினவரா அதையச் சொன்னாரு?” அவள் ஸ்பேனரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இன்னும் முழுசாக நம்பவில்லை, நம்ப ஆசைப்பட்டாள், அதுவே போதும் எனக்கு. அவரை நாற்காலியோடு பின்பக்கம் வைஸ் இருக்கிற இடத்துக்கு நகர்த்தினோம், தமயந்தி ஒரு பக்கம், அந்த அம்மாள் ஒரு பக்கம். டார்ச்சைப் பற்றவைத்தேன். ஸ்பேனரின் கழுத்து முதலில் வெளுத்து, மஞ்சள் பாய்ந்து, நீலமாகி, மெல்லச் சிவந்தது. வைஸில் பிடித்து, நெம்ப ஒரு இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினேன். “இவ்வளவா?” என்றேன். “இன்னும்” என்றார். அழுத்தினேன். “இன்னும்.” மறுபடி காய்ச்சினேன், அழுத்தினேன், அவர் கை அந்தரத்தில் அந்த வளைவைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறது. “திருப்பு. வெளிய திருப்பு. இன்னும். ம். போதும்.” போதும் என்ற சொல்லைக் கேட்டதும் பதற்றத்தில் இடுக்கியால் எடுத்துப் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் முக்கப் போனேன், முக்கினால் இரும்பு நொறுங்கும் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் போனேன். “தண்ணியில போடாதடா!” நாற்காலியே குலுங்கியது. தெருவுக்குக் கேட்டிருக்கும். ஆற விடு என்றார், ஆறவிட்டேன், நாலு பேரும் அந்த இரும்பு கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறியதும் வாங்கிக் கழுத்தைத் தடவினார். கண்ணுக்குத் தெரியாத இன்ஜின் ஒன்றின் மேலே, பின்னால், அதை நுழைத்து, மணிக்கட்டை ஒரு திருகு திருகினார். பிறகு தலையைத் திருப்பி, ஹாலில் பளபளக்கிற அந்தப் பெட்டியைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், திருப்புளியைப் பார்த்தார், முகம் கறுத்தது. “ட்யூப்பு எங்க? முருகன் எங்க? எந்த மடையன்டா எம் பொட்டியில கைய வெச்சது?”

பாவாயி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எம் பொட்டிங்கறாருங்க” என்று தமயந்தியிடம் சொன்னாள், சொல்லிச் சொல்லி அழுதாள். “கேட்டீங்களா, எம் பொட்டிங்கறாரு.” நான்தாங்க மேஸ்திரி என்றேன். அவர் இன்னும் ஏதேதோ திட்டினார், பாதி புரியவில்லை, புரிந்த பாதி எழுதுகிற மாதிரி இல்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. பிறகு ஹாலுக்கு வந்து மூடியைச் சாத்தினேன், விரல் ரேகை விழுந்தது, துடைக்கவில்லை. பெட்டியை அவர்களோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்ப வேண்டும், ஆட்டோக்காரர் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார், பெட்டியோ பிணம் கனம் கனக்கிறது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்து, “தண்டபாணி, கொஞ்சம் வாங்க, பெட்டிக்கு ஒரு பக்கம் புடிக்கணும்” என்று கூப்பிட்டேன்.